சுவரைப் பார்த்த தலைவர்

அமெரிக்கா வந்து ஒரு மாதம் ஆகியும் நான் பார்த்தது இந்த எடிசன் ஊரில் இரண்டு மளிகைக் கடை, ஒரு கோயில், தங்கை வீட்டு வாஷிங் மெஷின், அவ்வளவுதான். அதனால் தங்கையின் கணவர் செந்தில், "அக்கா, மாண்ட்ரியல் வரைக்கும் டிரைவ் பண்ணிட்டுப் போறேன், நீங்களும் வரீங்களா?" என்று கேட்டபோது, ஏன் எதற்கு என்று துருவாமல் கிளம்பிவிட்டேன். விசா ஸ்டாம்பிங் என்றார். இங்கே கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம் பையன்கள் விசா முத்திரைக்காகக் கனடா வரை போய்வருவது, நம் ஊரில் தாலுகா ஆபீசுக்குப் போய்வருவது மாதிரி. "அங்க எல்லாம் பிரெஞ்சுதான்க்கா, நீங்க கூட இருந்தா ஹெல்ப்பா இருக்கும்" என்றும் சொன்னார். புதுச்சேரியில் பல வருடமாகப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறேன். அதனால் யாருக்காவது உதவி உண்டு என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

எனக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. என்னுடையது பிரெஞ்சு பாஸ்போர்ட். தங்கை வசந்தி என் சித்தி மகள். அவர்கள் பக்கம் எல்லோரும் இந்தியக் குடிமக்கள். என் அப்பா பிரெஞ்சுப் போலீஸில் இருந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போகும்போது, வேண்டுமென்பவர்கள் தங்கள் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், அப்பா வைத்துக்கொண்டார். பென்ஷன்தான் காரணம், பக்தி எந்தப் பக்கமும் கிடையாது. அந்தப் புண்ணியத்தில், எம்.சி.ஏ. படித்த செந்தில் ஃபைல் ஃபைலாகக் காகிதம் சுமந்துகொண்டு நிற்கும் எல்லையை நான் கைப்பையை ஆட்டிக்கொண்டு தாண்டலாம். நம்மை ஆண்டவன் கொடுத்துவிட்டுப்போன காகிதத்துக்கு இன்னமும் இவ்வளவு மதிப்பு என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கூச்சமும் வரும்.

கிளம்பியது ஒரு புதன்கிழமை காலை. தொண்ணூற்றெட்டு நவம்பர், மரங்களில் ஓர் இலை இல்லை. வழியனுப்ப முருகேசன் வந்திருந்தார். செந்திலின் கம்பெனிதான், கோபிக்காரர், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருக்கும் பையன்களில் ஒருவர். கையில் ஒரு பெரிய தூக்குவாளி, நிறையப் புளிசாதம். எங்கள் பெட்டிகளைக் காரின் பின்னால் அடுக்கிவைத்ததும் அவர்தான்.

"தலைவா, மண்டே வந்துருவீங்கல்ல?" என்று கேட்டார்.

"வந்துருவேன்டா" என்றார் செந்தில், கார் கண்ணாடியைத் துடைத்தபடி.

இந்தத் 'தலைவா' பாதி கிண்டல், பாதி நிஜம். கதை இதுதான். அவர்கள் முதலாளியும் நம்மவர்தான். எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேலை இருக்கிறது என்று ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து, வேலை கிடைக்கும்வரை சம்பளம் இல்லாமல் கெஸ்ட் ஹவுஸில் உட்கார வைத்துவிடுவார். இதற்குப் 'பெஞ்ச்' என்று பெயர். விசா அவர் கம்பெனி பெயரில் இருப்பதால் யாரும் வாயைத் திறக்க முடியாது. திறந்தவர் செந்தில். எல்லோரையும் சேர்த்துத் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதவைத்தார். திங்கட்கிழமை ஓர் அதிகாரி விசாரிக்க வருகிறார். பையன்களில் ஒருவருக்கும் பேசத் துணிவில்லை. எல்லோருக்குமாகச் செந்திலே பேசுவது என்று முடிவாகியிருந்தது.

மதியம் ஒரு ரெஸ்ட் ஏரியாவில் புளிசாதம் சாப்பிட்டோம். திண்டிவனம் ரோட்டில் பஸ் நின்றால் வடை, சுண்டல் என்று நாலு பேர் ஜன்னலில் தொங்குவார்கள். இங்கே மிஷினில் காசு போட்டால் சிப்ஸ் பாக்கெட் விழுகிறது, சுற்றிலும் ஒரு குரல் இல்லை. பக்கத்து மேஜையிலிருந்த ஒரு லாரி டிரைவர் எங்கள் தூக்குவாளியை எட்டிப் பார்த்து, "வாசனையிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது" என்றார். ஒரு கரண்டி கொடுத்தேன். மிளகாயைத் தள்ளிவைக்கத் தெரியாமல் கடித்துவிட்டு, எழுந்து நின்று கைகுலுக்கினார்.

மலைப்பகுதி தாண்டி, எல்லை நெருங்கும் நேரத்தில் டயர் வெடித்தது. ஓரம் கட்டினோம். பனி தூற ஆரம்பித்திருந்தது. உதவிக்கு வண்டியை நிறுத்திய ஒருவரிடம் செந்தில், "டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது" என்று ஆங்கிலத்திலேயே சொன்னார். அந்த மனிதர் முழித்தார். டிக்கி, ஸ்டெப்னி இரண்டும் நம் நாட்டோடு நின்றுவிடும் ஆங்கிலம் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

ஸ்டெப்னி அடியில் இருந்தது. மேலே இருந்ததை எல்லாம் ரோட்டோரத்தில் இறக்கினோம். இரண்டு நாள் பயணத்துக்கு மூன்று பெரிய பெட்டிகள். அதற்குப் பின்னால், வசந்தியின் பழைய நைட்டியில் சுற்றி, ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர். உள்ளே இட்லித் தட்டு.

"தம்பி, ஸ்டாம்பிங் ஆபீசுல சோறு பொங்கணுமா?" என்று கேட்டேன்.

செந்தில் குனிந்தபடியே ஸ்டெப்னியை இழுத்துக்கொண்டு சொன்னார். "ஸ்டாம்பிங் இல்லக்கா. கனடாவுல செட்டில் ஆகறதுக்கு பேப்பர்ஸ் வந்துருச்சு. மாண்ட்ரியல்ல ஃப்ரெண்டு ஒருத்தன் வேலை ரெடி பண்ணி வச்சிருக்கான். வசந்தியும் குழந்தையும் அடுத்த மாசம் வந்துருவாங்க. உங்கள நான் பஸ் ஏத்தி விட்டுடறேன்."

"திங்கக்கிழமை?"

"நான் வாயத் தொறந்தா என் விசா போயிரும்க்கா. எனக்குக் குழந்தை இருக்கு. அவனுங்க பேச்சுலர்ஸ்."

"முருகேசனுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

கோபம் வந்தது, ஆனால் அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது. கையில் எந்தக் கதவையும் திறக்கும் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, விசாவுக்கு நடுங்குகிறவனிடம் தைரியத்தைப் பற்றிப் பேசுவது எளிது. குக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. கடைசியில் ஒரு பழுதுவண்டி வந்து காரை இழுத்துப்போனது. டயர் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். பக்கத்து ஊரில் ஒரு சின்ன மோட்டலில் இறக்கிவிட்டார்கள்.

மோட்டல்காரர் பெயர் லூசியன். அறுபது வயது இருக்கும், பெரிய மீசை, எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பு. எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்திருந்தாலும் வீட்டில் பிரெஞ்சுதான். என் பிரெஞ்சைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உயில் எழுதும் வக்கீல் மாதிரிப் பேசுகிறீர்கள் மதாம்" என்றார். அவருடைய பிரெஞ்சோ எனக்கு முதலில் வாயில் வெற்றிலை அடக்கிக்கொண்டு பேசுவது போலத்தான் கேட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மஞ்சள் பட்டாணி சூப் கொடுத்தார். நம் பருப்பேதான், தாளிக்க மறந்திருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை சாப்பிட வந்தபோதுதான் அந்தப் படத்தைக் கவனித்தேன். வரவேற்பு மேஜைக்கு மேலே ஒரு பெரிய சட்டம், முகம் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தது. பின்பக்க அட்டையும் ஆணிகளும்தான் தெரிந்தன. யாராவது இறந்துவிட்டார்களோ என்று நினைத்து, மெல்லிய குரலில் விசாரித்தேன்.

"இறந்து ரொம்ப நாளாகிறது. வருடத்தில் இன்று ஒரு நாள் மட்டும் அவர் சுவரைப் பார்ப்பார். என் அப்பா செய்தார், நானும் செய்கிறேன்" என்றார் லூசியன்.

அது யார் என்று அவர் சொன்ன பெயர் தமிழில் எழுதினால் வாயில் நுழையாது. கனடாவில் பிரெஞ்சு பேசும் மக்களுக்கு அவர்தான் தலைவர். நான் தலைவர் என்றே சொல்கிறேன். செந்தில் பான்கேக் மேல் வெல்லப்பாகு மாதிரி எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். "என்னக்கா சொல்றாரு?" என்றார். நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

நூற்றறுபது வருடத்துக்கு முந்தைய கதை. பிரெஞ்சுக் குடியானவர்களின் நாட்டை ஆங்கிலேயர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு சட்டசபை கொடுத்திருந்தார்கள், ஆனால் அது சொன்னது எதுவும் நடக்காது. லண்டனிலிருந்து வந்த கவர்னரும் அவர் நியமித்த ஆட்களும் வைத்ததுதான் சட்டம். அந்தச் சபையின் சபாநாயகர் நம் தலைவர். வாயைத் திறந்தால் கூட்டம் அசையாதாம். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களிடம் அதிகாரம் வேண்டும் என்று தொண்ணூற்றிரண்டு கோரிக்கைகளை லண்டனுக்கு அனுப்பவைத்தார். காத்திருந்து காத்திருந்து கடைசியில் முடியாது என்று பதில் வந்தது. அப்புறம் தலைவர் ஊர் ஊராகப் போய், இங்கிலீஷ்காரன் சாமானை வாங்காதே, அவன் துணியைக் கட்டாதே என்று பேசினார். பெண்கள் வீட்டில் ராட்டையை எடுத்துவைத்துக்கொண்டு நூற்றார்கள். சபை உறுப்பினர்கள் பட்டையும் பகட்டையும் விட்டுவிட்டு, கம்பளி நூலில் வீட்டில் நெய்த சொரசொரப்பான கோட்டைப் போட்டுக்கொண்டு சபைக்குப் போனார்கள்.

லூசியன் அந்தத் துணிக்கு 'எடோஃப் து பேயி' என்றார். நாட்டுத் துணி என்று பொருள். நான் யோசிக்கவே இல்லை, 'கதர்' என்று வாயில் வந்துவிட்டது.

செந்தில் நிமிர்ந்தார். "இங்கயும் கதரா?"

"நமக்கு முன்னாடியே" என்றேன். அதற்குப் பிறகு அவர் பான்கேக்கைத் தொடவில்லை.

தலைவரைப் பிடிக்க வாரண்ட் வந்தது. அவர் நகரத்தை விட்டு ஓர் ஆற்றங்கரைக் கிராமத்துக்கு வந்தார். ராணுவம் வருகிறது என்று தெரிந்ததும் குடியானவர்கள் பழைய துப்பாக்கி, அரிவாள், தடி என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கூடினார்கள். சண்டை மூண்ட காலையில்...

"இல் சே சொவே" என்றார் லூசியன்.

இந்த இடத்தில் எனக்கு நாக்கு நின்றுவிட்டது. அந்தச் சொல்லுக்கு பிரெஞ்சில், தன்னைக் காப்பாற்றிக்கொண்டார் என்றும் அர்த்தம், ஓடிப்போனார் என்றும் அர்த்தம். பாடம் எடுக்கும்போது பிள்ளைகளிடம், இடம் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுவேன். இப்போது இடம் என் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தலைவர் தலைமறைவாயிட்டார்" என்றேன்.

செந்தில் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். நமக்கு அது கௌரவமான சொல். நம் தலைவர்கள் எத்தனையோ பேர் தலைமறைவாக இருந்தவர்கள். மேடையில் அதைச் சொன்னால் கைதட்டுவார்கள்.

லூசியன் தொடர்ந்தார். தலைவர் விவசாயி வேஷத்தில் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்து, அமெரிக்க ஜனாதிபதி உதவுவார் என்று காத்திருந்தார். உதவவில்லை. கடல் தாண்டிப் பாரீசுக்குப் போனார். அந்தப் பக்கம் குடியானவர்கள் முதல் சண்டையில் ஜெயித்தார்கள், அப்புறம் எல்லாவற்றிலும் தோற்றார்கள். சிலரைத் தூக்கில் போட்டார்கள். சிலரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். ஊர்களைக் கொளுத்தினார்கள். லூசியனின் முப்பாட்டன் களஞ்சியம் எரிந்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு பனியில் நடந்து எல்லை தாண்டி வந்தவர். தலைவர் கிராமத்தை விட்டுப் போனது இதே நாளில்தான்.

"நாங்கள் ஒருவனை மந்தம் என்று சொல்ல, அவனுக்கு அந்தத் தலைவரின் தலை இல்லை என்போம். இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறோம். தலையைப் பற்றிப் பேசாதவன் கிடையாது. ஓடிய கால்களைப் பற்றி ஒருவனும் பேசமாட்டான்" என்றார் லூசியன்.

அதையும் சொன்னேன். செந்தில் சிரிக்கவில்லை. "அவருகிட்டக் கேளுங்கக்கா. செத்துப்போயிருந்தா என்ன ஆயிருக்கும்? உயிரோட இருந்ததாலதானே ஏதாவது பண்ண முடிஞ்சிருக்கும்?"

நானும் அந்தக் கட்சிதான். சொல்லப்போனால், கேள்வியை இன்னும் கொஞ்சம் காரமாகவே பிரெஞ்சில் கேட்டேன். லூசியன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ரொட்டியைத் துண்டாக்கிக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஆமாம், மன்னிப்புக் கிடைத்ததும் தலைவர் திரும்பி வந்தார், மறுபடி சபையில் உட்கார்ந்தார். அவர் கேட்டதில் பலதும் பின்னால் கிடைத்தது. தூக்கில் தொங்கியிருந்தால் இன்னொரு கல்லறைதான்.

"அவர் போனதற்கு எனக்குக் கோபம் இல்லை மதாம். அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் வேகமாக ஓடியிருப்பேன். ஆனால் என் முப்பாட்டன் அன்று காலை முழுக்க ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாராம், தலைவர் வந்து இரண்டு வார்த்தை பேசுவார் என்று. போய்விட்டார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அழுதுகொண்டே சொல்லப்படும் பகுதி அதுதான். ஊர் எரிந்தது அதற்கு அப்புறம்தான் வரும்."

இதை நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை செந்தில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். காரும் இல்லை, போவதற்கு இடமும் இல்லை. மோட்டல் வாசலில் பனியைக் காலால் தள்ளிக்கொண்டு நின்றார். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"அக்கா, அந்த ஆளு நெஜமா என்ன வார்த்தை சொன்னாரு? நீங்க தலைமறைவுன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சீங்க."

சொன்னேன். காப்பாற்றிக்கொண்டார், ஓடிப்போனார், இரண்டும் ஒரே சொல் என்று. தலைமறைவு என்பது அந்தச் சொல்லில் இல்லை, நான் போட்டது என்று.

பனியைத் தள்ளுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். "எங்க பெரியப்பா எமர்ஜென்சில தலைமறைவா இருந்தாருங்க்கா. வேற எங்கயும் இல்ல, எங்க சோளக்காட்டுலதான். தெனம் எங்கம்மா சோறு கட்டிக் குடுப்பாங்க, யாராச்சும் ஒருத்தர் கொண்டுபோவாங்க. ஊருக்கே தெரியும், போலீசுக்கு மட்டும் தெரியாது." மறுபடி பனியைத் தள்ளினார். "தலைமறைவுன்னா கூட இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்க்கா. சோறு கொண்டுட்டு வர ஒரு ஆளு வேணும்."

அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் முருகேசன் கொடுத்த தூக்குவாளி ஞாபகம் வந்தது. காலியாக அறையில் இருந்தது. அவர் திரும்பி உள்ளே நடந்தார்.

வரவேற்பறையில் திருப்பி மாட்டிய படத்துக்குக் கீழே போன் இருந்தது. செந்தில் போன் கார்டு நம்பரை இரண்டு முறை தப்பாக அழுத்தி, மறுபடி போட்டார். நான் நகர்ந்து நின்றேன், ஆனால் முருகேசனுக்குப் போன் என்பது அநாவசியம். அங்கிருந்து பேசினாலே கேட்கும் குரல்.

"முருகேசா, நான் மண்டே வரலடா. ஸ்டாம்பிங் எல்லாம் ஒண்ணும் இல்ல. நான் கனடாவுலயே..."

"தெரியுமுங்க தலைவா."

"என்னடா தெரியும்?"

"டிக்கில குக்கர வச்சதே நான்தானுங்களே. ரெண்டு நாள் ஸ்டாம்பிங்குக்கு ஆராச்சும் குக்கர் எடுத்துட்டுப் போவாங்களா? போய் எறங்குன அன்னிக்கே எங்க சமைப்பீங்கன்னுதான் புளிசாதத்தைக் கொஞ்சம் சேத்துக் கட்டினேன். பத்துச்சுங்களா?"

"மத்தவங்ககிட்டச் சொன்னியா?" என்று கேட்டார் செந்தில்.

"ஆருகிட்டயும் சொல்லலீங்க. உங்களுக்குக் குழந்தை இருக்குதுங்க, எங்களுக்குப் புரியும். மண்டே நானே பேசிக்கறேன். ஒரே ஒரு டவுட்டுதானுங்க. பெஞ்ச் பெஞ்ச்னு நாம சொல்றமே, அந்தாபீசருக்கு அது புரியுங்களா? அதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு சொல்லணும்?"

செந்தில் ரிசீவரை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதார். மேஜைக்குப் பின்னால் லூசியன் அவசரமாக எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. முருகேசன் அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.

"நான் வரேன்டா" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அன்று மாலை கேட்டேன். "விசா போயிடும்னு சொன்னீங்களே தம்பி?"

"போனா போகட்டும்க்கா. கனடா எங்கயும் போயிராது. போறதா இருந்தா அவனுங்ககிட்டச் சொல்லிட்டுப் போறேன்." அடுத்தது வசந்திக்குப் போன் செய்ய வேண்டும். அதற்குத்தான் அவருக்கு அதிகத் தைரியம் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டயர் வந்தது. கணக்கு முடிக்க வரவேற்பறைக்குப் போனால், படத்தை லூசியன் நேராகத் திருப்பி மாட்டியிருந்தார். முதல் முறையாகத் தலைவரைப் பார்த்தேன். நெற்றிக்கு மேலே சேவல் கொண்டை மாதிரி தூக்கி வாரிய முடி, கண்ணில் ஒரு அலட்சியம். அழகான தலை என்பதில் சந்தேகமில்லை. சட்டம் அவரை மார்போடு வெட்டியிருந்தது, கால் தெரியவில்லை.

வாசலில் கார் வலப்பக்கம் திரும்பியதும் லூசியன் பதறிக்கொண்டு கையை ஆட்டினார். "எல்லை இடப்பக்கம் மதாம்! இடப்பக்கம்!"

கண்ணாடியை இறக்கி, தெரியும் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வழி தவறிப் போகிற வெளியூர்க்காரர்களைப் பார்க்கும் பார்வையோடு நின்றுகொண்டிருந்தார்.

எடிசன் போய்ச் சேர்ந்தபோது முருகேசன் கீழே வந்து காத்திருந்தார். அவரே டிக்கியைத் திறந்தார். முதலில் குக்கரைத்தான் எடுத்தார், நைட்டியோடு இடுப்பில் இடுக்கிக்கொண்டார். படியேறும்போது திரும்பிப் பார்த்து, "பெஞ்சுக்கு இங்கிலீஷ்ல என்னனுங்க தலைவா?" என்றார்.

"வேலை இருக்குன்னு கூட்டிட்டு வந்து சும்மா உக்கார வச்சிருக்காங்கன்னு சொல்லணும்" என்றார் செந்தில், பெட்டியைத் தூக்கியபடி. "நீ பாதி சொல்லு, நான் பாதி சொல்றேன்."